எடுக்க வேண்டிய வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பொறாமையிலிருந்து. இன்னும் கொஞ்சம் கௌரவமான பதில் ஏதாவது இருக்கிறதா என்று காலையிலிருந்து தேடிப் பார்த்துவிட்டேன். அகப்படவில்லை.

என் கணவர் முத்துராஜ் சாப்பிட்டுக்கொண்டே போனில் ஒரு பத்தியைப் படித்துவிட்டுச் சிரித்தார். வாய்விட்டு அல்ல. நல்ல வரி ஒன்றைப் படித்தவர்கள் மூக்காலேயே சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. நான் பல வருடமாகக் கதை எழுதுகிறேன். இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. எதை எழுதினாலும் முதலில் படிப்பவர் அவர்தான். என் எந்தக் கதைக்கும் அந்த மூக்கு அசைந்ததில்லை.

அவர் படித்தது கதைகூட இல்லை. ஐரோப்பாவை ஒட்டிய வட கடலில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நிற்கிற ஒரு காற்றாலையில், ஒரு ஸ்பேனர் கைதவறி விழுந்ததைப் பற்றிய அறிக்கை.

[இங்கே முதலில் "அன்று என் நெஞ்சில் ஒரு முள்" என்று தொடங்கி ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். முள் எல்லாம் இல்லை. பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "என்னாங்க அது, காட்டுங்க" என்றேன். நடந்தது அவ்வளவுதான்.]

2

கதையை எப்படித் தொடங்குவது?

முதல் முயற்சி: "அன்று கடல் ஈயத் தகடு போல —"

நிறுத்திவிட்டேன். நான் வட கடலைப் பார்த்ததில்லை. நான் பார்த்த ஒரே கடல் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த மகாபலிபுரம். அதிலும் பாதி நேரம் அலை இழுத்துப்போன செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கடத்தூரில் தக்காளித் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஈயத் தகடு என்று எழுதினால், அது வேறு யாரோ பார்த்த கடல்.

இரண்டாம் முயற்சி: "முத்துராஜ் விபத்துகளை எண்ணுகிறவர்."

இது உண்மை. ஆனால் ஏதோ சுடுகாட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர் போல ஒலிக்கிறது. அவர் உட்கார்ந்திருப்பது எங்கள் வீட்டு உள்ளறையில், காலி தக்காளி கிரேட்டுகளுக்குப் பக்கத்தில், ஒரு லேப்டாப் முன்னால். அவருடைய வேலையை நான் விளக்கியாக வேண்டும். விளக்குவது எனக்குப் பிடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலுக்குள் தூண் இறக்கி, அதன்மேல் காற்றாலை நிறுத்துகிறார்கள். பழுது பார்க்க டெக்னீஷியன்கள் படகில் போய் ஏறுகிறார்கள். அங்கே யாருக்காவது அடிபட்டால், அல்லது அடிபடப் பார்த்துத் தப்பினால், அவர்களே அதை எழுதி அனுப்ப வேண்டும். பல கம்பெனிகளின் அறிக்கைகளும் ஒரே பொது அலுவலகத்தில் சேர்கின்றன. அந்த அலுவலகத்துக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களில் முத்துராஜ் ஒருவர். வந்ததைப் படித்து, வகை பிரித்து, எண்ணுகிறார். எதற்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும்? ஒரு கம்பெனியில் ஒரு கொக்கி கழன்றால் அது தற்செயல். ஏழு கம்பெனியில் அதே கொக்கி கழன்றால் அது கொக்கியின் குணம். தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாதது, கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. எனக்கு இது அழகாகப் படுகிறது.

என் மாமியார் ராமக்காவுக்கு அழகாகப் படவில்லை. அந்த ஸ்பேனர் அறிக்கை வந்த அன்று அவரும் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு மேலயும் வுழுவல இல்ல?"

"வுழுவலம்மா," என்றார் முத்துராஜ்.

"அப்புறம் என்னாத்துக்குடா எழுதிக்கினு இருக்கறாங்க?"

"வுழுவலன்னுதாம்மா எழுதறாங்க."

"நல்ல வேலடா இது. எங்க மாடு இன்னிக்கு யாரையும் முட்டலன்னு நானும் தெனம் எழுதித் தரட்டுமா? சம்பளம் போடுவாங்களா?"

"போன மாசம் தென்ன மட்ட உம்பக்கத்துல வுழுந்துச்சே, என்னா பண்ண?"

"மரத்த நாலு திட்டு திட்டிட்டு வந்தேன்."

"அதேதான். இவங்க திட்டறதுக்கு பதிலா எழுதிடறாங்க. அடுத்த மட்ட வுழறப்ப கீழ யாரு இருப்பாங்கன்னு தெரியாது இல்ல?"

மாமியார் யோசித்தார். "மரம் ஒண்ணுதான். திட்டுனா கேட்டுக்கும்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

இந்த வகைக்கு அலுவலகத்தில் ஆங்கிலப் பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "தப்பிச்சது".*

* தப்பிச்சதுகளுக்கு இரண்டு மதிப்பெண் உண்டு. என்ன நடந்தது என்பதற்கு ஒன்று, என்ன நடந்திருக்கும் என்பதற்கு ஒன்று. அந்த உயரத்திலிருந்து விழும் ஸ்பேனர் கீழே வரும்போது நெடுஞ்சாலையில் போகிற காரைவிட வேகமாக வரும். ஆகவே நடந்தது: பூஜ்யம். நடந்திருக்கக்கூடியது: ஓர் உயிர்.

3

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்:

"ஸ்பேனர் கீழே விழுந்தது. யாருக்கும் காயமில்லை."

[இது அயோக்கியத்தனம். பொறாமைக்காரியிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தால் இப்படித்தான் வரும். மறுபடி செய்கிறேன்.]

"ஸ்பேனர் கைப்பிடிக் கம்பியில் ஒரு முறை மோதி, எந்தப் பக்கம் போகலாம் என்று கொஞ்சம் யோசித்தது. பிறகு கடலைத் தேர்ந்தெடுத்தது. கீழ்த்தளத்தில் யாரும் இல்லை. சற்று முன்பு வரை நான் இருந்தேன், ஷூ கயிறு கட்டிக்கொண்டு. பரிந்துரை: ஸ்பேனருக்கும் ஒரு கயிறு கட்டலாம். எனக்குக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் இருவரில் அதிகம் நழுவுவது அதுதான்."

அவ்வளவுதான் அறிக்கை. கீழே தேதிகூட இல்லை. முத்துராஜ் எடுத்துவிடுவார். அவர் வேலையில் பாதி எண்ணுவது, மீதிப் பாதி எடுப்பது. எழுதியவரின் பெயர், படகின் பெயர், காற்றாலையின் எண், ஆள் அடையாளம் காட்டுகிற எதுவும் இருக்கக் கூடாது. எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சுவதில் எழுதியவர் வெறும் "நபர் அ". எடுத்து முடித்ததைத்தான் எங்களுக்கும் படித்துக் காட்டுவார்.

ஆனால் எழுத்தின் நடையை எடுக்க முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு தீயணைப்பான் உருண்டது. "அது என்னைவிட முன்னதாகப் படி இறங்கிவிட்டது, அவசரம் அதற்குத்தான் போல." படித்ததுமே தெரிந்துவிட்டது, இது அதே ஆள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அது ஒரு பழக்கமாகிவிட்டது. சாயங்காலம் தட்டு வைத்தவுடன் மாமியாரே கேட்பார்:

"இன்னிக்கு அ என்னாத்தக் கீழ போட்டான்?"

நான் கேட்க மாட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காது மட்டும் அங்கே இருக்கும்.

முத்துராஜ் என் கதைகளைப் படிக்கும்போதும் இதே வேலையைத்தான் செய்கிறார். பேனாவோடு உட்காருவார். "இந்த வரி வேணாம். நிலா வர்ற வரி வேணாம். இந்த மூணு வரிக்கும் ஒரே வேலதான், ரெண்ட எடுத்துரு." அவர் எடுக்கச் சொன்னவற்றில் பெரும்பாலும் அவர் சொன்னதே சரி. அதனால்தான் இன்னும் எரியும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அந்த ஆளோட எழுத்துல அப்படி என்னாங்க இருக்குது?"

அவர் உண்மையாகவே யோசித்தார். அதுதான் அவருடைய கெட்ட குணம்.

"ஒண்ணுமே நடக்கல பாரு. ஆனா எல்லாம் இருக்குது."

"என்னோடதுல?"

"உன்னோடதுல யாராச்சும் சாவற வரைக்கும் ஒண்ணும் நடக்கறதில்லயே சோபனா."

(சோபனா நான்தான். இவ்வளவு நேரம் சொல்லாமல் விட்டுவிட்டேன். எழுதுகிறவர் பெயர் இல்லாமலே ஒரு பக்கம் நன்றாகப் போகும் என்று காட்ட ஆசைப்பட்டேன் போலிருக்கிறது.)

4

ஒரு பாத்திரத்தைச் சந்தேகப்படுவது பற்றி.

நபர் அ-வை என் கதைக்குள் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்தேன். எழுத்தில் ஜெயிக்க முடியாத ஆளை, எழுதியாவது வைத்துக்கொள்ளலாம் இல்லையா. அவனுக்கு நரைத்த தாடி கொடுத்தேன். மனைவி பிரிந்து போய்விட்டாள் என்று வைத்தேன். கையில் ஒரு பிளாஸ்க். தனிமை. மூன்று பக்கம் வந்தது. நான்காவது பக்கத்தில் அவனைக் கடலில் —

[முத்துராஜ் சொன்னது சரிதான், பார்த்தீர்களா. நான்காவது பக்கத்துக்கே கொன்றுவிடப் பார்த்தேன்.]

நேற்றுச் சாயங்காலம் அந்த மூன்று பக்கமும் வீணாயிற்று. முத்துராஜ் வெளியே வண்டியில் கிரேட் ஏற்றிக்கொண்டிருந்தார். தக்காளி பழுத்துவிட்டது, விடிவதற்குள் பாலக்கோட்டு மண்டிக்குப் போயாக வேண்டும். "புதுசு வந்திருக்குது, எல்லாம் எடுத்தாச்சு, படிச்சிக்கோ," என்று போனைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நபர் அ எழுதியது. இந்த முறை எதுவும் கீழே விழவில்லை. விழ இருந்தது ஆள்.

இதைப் புரிந்துகொள்ள, படகிலிருந்து காற்றாலைக்கு எப்படி ஏறுகிறார்கள் என்று தெரிய வேண்டும். படகைக் கட்ட மாட்டார்கள். தூணில் செங்குத்தாக இரண்டு தடித்த குழாய்கள் இருக்கும், அவற்றுக்குப் பின்னால் ஏணி. படகோட்டி, படகின் மூக்கை அந்தக் குழாய்களில் முட்ட வைத்து, எஞ்சினை முழு விசையில் ஓட்டிக்கொண்டே இருப்பார். மூக்கில் ரப்பர். ரப்பருக்கும் குழாய்க்கும் உள்ள உராய்வுதான் படகைப் பிடித்து வைத்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. டெக்னீஷியன் மூக்கில் நின்று, அலை மேலே வரும் நொடியில் ஏணிக்குத் தாவ வேண்டும். அலை அளவுக்கு மேல் உயர்ந்தால் உராய்வு தோற்றுவிடும். படகு சட்டென்று நழுவும். அந்த நேரம் ஒரு கால் படகிலும் ஒரு கால் ஏணியிலும் இருந்தால்.

அதனால் அலை இவ்வளவு உயரத்துக்கு மேல் போனால் ஏறக் கூடாது என்று விதி இருக்கிறது. அன்று அலை அதைத் தாண்டியிருந்தது. மேலாளர் ரேடியோவில் இன்றைக்கே முடித்தாக வேண்டும் என்றார். படகோட்டி, பரவாயில்லை ஏறு என்றார். நபர் அ மூக்கில் நின்று, மாட்டேன் என்று பின்னால் வந்துவிட்டார். வந்த மறுநொடி படகு நழுவியது. அங்கே இந்த வரி:

"படகு இறங்கியபோது என் பின்னல் மட்டும் ஏணிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது, நான் போகவில்லை."

பின்னல்.

நரைத்த தாடி அப்படியே உதிர்ந்தது. அ ஒரு பெண்.

இப்போது இரண்டு பொறாமைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறேன். எழுதுகிறவளின் பொறாமைக்கு ஒரு கௌரவம் உண்டு, அது ராத்திரி தூங்கவிடும். மனைவியின் பொறாமை கணக்குப் போடும். மாமியார் எத்தனை முறை "போட்டான்" என்றார், நான் எத்தனை முறை "அந்த ஆள்" என்றேன், இவர் ஒரு முறைகூடத் திருத்தவில்லையே? இவர்தான் எடுக்கிறவர். எடுப்பதற்கு முன்னால் இருந்தது எல்லாம் இவருக்குத் தெரியும். அவள் பெயர் தெரியும். எனக்கு வந்ததெல்லாம் அவளை எடுத்த பிறகு மிஞ்சிய அவள்.

திருத்தக் கூடாது என்பது விதி. விதிப்படிதான் நடந்திருக்கிறார். விதிப்படி நடக்கிற மனிதரிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "நல்லா இருக்குதுங்க," என்றேன். என் கதைகளுக்கு அவர் சொல்வது இதுதான். அதே குரலில் சொன்னேன். அவர் கவனிக்கவில்லை. வண்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

5

இதுவரை நிதானமாக விளக்கிக்கொண்டே வந்தேன். ஒன்றை மட்டும் தள்ளிப் போட்டேன். இப்போது சொல்லியாக வேண்டும்.

அந்த அறிக்கை இன்று மத்தியானம் வெளியே போகிறது. மாதம் ஒருமுறை, முக்கியமான தப்பிச்சதுகளைத் தொகுத்து எல்லாக் கம்பெனிகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்புவார்கள். அங்கே பொழுது விடிந்து அலுவலகம் திறக்கும் நேரம், இங்கே மத்தியானம். அதுவாகவே போய்விடும். அந்த மேலாளர் படிப்பார். படகோட்டி படிப்பார். காற்றாலையில் ஏறுகிற பெண்கள் அங்கே அதிகம் இல்லை என்று முத்துராஜே ஒருமுறை பொதுவாகச் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் ஒருத்தி மட்டும்தான் என்றால், பின்னல் என்ற ஒரு சொல் போதும். பெயரை எடுத்து என்ன பயன்?

பிறகு என்ன ஆகும்? யாரும் திட்ட மாட்டார்கள். அடுத்த ஒப்பந்தத்தில் அவள் பெயர் இருக்காது. காரணம் கேட்டால் ஆள்குறைப்பு என்பார்கள். அவள் கூட இருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கப்புறம் அங்கிருந்து தப்பிச்சது எதுவும் வராது. எண்ணிக்கை குறையும். குறைந்த எண்ணிக்கையைப் பார்த்து மேலே இருப்பவர்கள் கைதட்டுவார்கள். இந்தத் தொழிலில் பயப்பட வேண்டிய இடம் அதுதான் என்பார் முத்துராஜ். அறிக்கை நின்ற இடத்தில் ஆபத்து நின்றிருக்காது. எழுதுவது மட்டும்தான் நின்றிருக்கும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். அவர் மண்டியில் இருக்கிறார். போன் என் பக்கத்தில் இருக்கிறது. நான் கூப்பிடாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வரி தப்பி நிற்கிறது என்று நான் சொன்னால், எனக்குத் தெரிந்துவிட்டது என்றும் சொன்னதாகும். அதற்கு அவர் முகம் எப்படிப் போகும் என்று —

[பாதிதான் உண்மை. மீதிப் பாதி இன்னும் அசிங்கம். கூப்பிடாவிட்டால் இந்தக் கதைக்கு நல்ல முடிவு கிடைக்கும்.]

6

முடிவு ஒன்று. நான் பேசாமல் இருக்கிறேன். சுற்றறிக்கை போகிறது. மேலாளர் அந்தச் சொல்லில் விரல் வைக்கிறார். கடைசிப் பத்தியில் ஒரு பெண், துறைமுகத்தில், பையோடு. நல்ல பத்தியாக வரும். எனக்கு இப்போதே கை ஊறுகிறது. நடந்தது: ஒரு வேலை. நடந்திருக்கக்கூடியது: அடுத்த முறை அலையைப் பார்த்து "மாட்டேன்" என்று சொல்ல வேண்டிய யாரோ ஒருவர்.

முடிவு இரண்டு. நான் பேசாமல் இருக்கிறேன், ஆனால் யாரும் கவனிக்கவில்லை. அவள் மறுநாளும் ஏறுகிறாள். நடந்தது: பூஜ்யம். இதுவும் ஒரு தப்பிச்சதுதான், என்னால் வந்தது. இதை எழுதி அனுப்ப எந்த அலுவலகமும் இல்லை.

முடிவு மூன்று. முதல் முடிவுக்குப் பிந்தைய ஒரு சாயங்காலம். எங்கள் வீடு. தட்டு வைத்தாயிற்று. மாமியார் கேட்கிறார், "இன்னிக்கு அ என்னாத்தக் கீழ போட்டான்?" முத்துராஜ், "ஒண்ணும் வரலம்மா," என்கிறார். மறுநாளும் அதே. மாமியார் கேட்பதை விட்டுவிடுகிறார். மூன்று பேரும் சாப்பிடுகிறோம். ரசம் கொஞ்சம் —

இதை என்னால் எழுதி முடிக்க முடியவில்லை. மற்ற இரண்டையும் சரளமாக எழுதியவள் இங்கே வந்து நின்றுவிட்டேன். அந்தச் சாப்பாட்டை என்னால் தாங்க முடியவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருந்தவள் நான்தானே. ஸ்பேனர் யோசித்ததை நினைத்து அடுப்படியில் தனியாகச் சிரித்தது யார்?

ஆகவே இதை நல்ல மனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அவளுடைய அடுத்த அறிக்கை வேண்டும்.

கொஞ்சம் இருங்கள். கூப்பிட்டுவிட்டு வருகிறேன்.

7

கூப்பிட்டேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் ஏலக்காரர் குரல் கணீரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லு சோபனா, சீக்கிரம் சொல்லு. நம்ம கிரேட்டுக்கு இப்பதான் வந்திருக்கறாங்க."

"ஏங்க, அந்தப் பின்னல் வரி அப்படியே இருக்குதுங்க."

"எந்த வரி?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

ஏலக்காரர் ஏதோ தொகையில் நின்று மூச்சு வாங்கினார். 

"மறந்து வுட்டுட்டீங்களா, தெரிஞ்சே வுட்டு வெச்சீங்களா?"

"ரெண்டு மூணு வாட்டி எடுத்தேன்," என்றார் மெதுவாக. "எடுக்க எடுக்கத் திருப்பி வெச்சுட்டேன்."

"ஏன்?"

"எடுத்தா நல்லா இல்ல."

இந்தப் பதிலுக்காகத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் மறந்திருந்தால் மன்னித்திருப்பேன். அவள்மேல் ஆசை என்றால் சண்டையாவது போட்டிருப்பேன். எடுத்தால் நன்றாக இல்லையாம்.

"என் கதையில எத்தன வரி எடுத்திருக்கறீங்க? ஒரு வாட்டியாவது கை நின்னுச்சாங்க?"

"சோபனா, இங்க ஏலம் ஓடுது..."

"ஓடட்டும். அவளுக்கு வேல போயிரும், தெரியுதா உங்களுக்கு?"

'அவளுக்கு' என்று சொல்லிவிட்டேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டார். மறுக்கவில்லை.

"தெரியும். ஒரு சொல்லுதானே, யாரு பாக்கப் போறாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். நீ பாத்துட்ட."

"நான் பாக்கறேன். அந்த மேனேஜர் பாக்க மாட்டானா?"

"போன்ல அத மாத்த முடியாது. லேப்டாப்புலதான் முடியும். நான் வர்றதுக்குள்ள போயிரும். நீயே எடுத்துரு."

"நானா? நான் அதத் தொடவே கூடாதேங்க."

"கூடாதுதான். வந்ததும் நானே ஆபீசுல சொல்லிக்கறேன், வரி தப்பி நின்னதையும் சேர்த்து. இப்ப பாஸ்வேர்டு சொல்றேன், எழுதிக்கோ."

"சத்தமா சொல்லாதீங்க, மண்டியே கேக்கும்."

"கேக்கட்டும். இங்க யாருக்கு வட கடல்ல வேல இருக்குது?"

உள்ளறைக்குப் போனேன். மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "என்னாமே, மகாராணி கம்ப்யூட்டர் பக்கம்?" என்றார். "அ ஒண்ணக் கீழ போடப் பாக்குது, அத்த," என்றேன். "புடிமே, புடி," என்று வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டார்.

"ஃபைலத் தொறந்தா மேல அசல் இருக்கும்," என்றார் முத்துராஜ் போனில். "பேரு, ஊரு எல்லாம் இருக்கும். பாக்காத. கீழ போ."

நாற்காலியில் அவருடைய துண்டு கிடந்தது. திரையின் மேல்பாதியை மூடும்படி அதைத் தொங்கவிட்டேன். கீழ்ப்பாதியில் அந்த அறிக்கை. வரியைத் தேடி, மவுஸால் இழுத்துக் குறித்தேன்.

"எடுத்துட்டு, முன்னாடியும் பின்னாடியும் ஒட்டுதான்னு படிச்சுப் பாரு," என்றார்.

எடுத்தேன். படித்துப் பார்த்தேன். என் கதைகளில் நல்ல வரி ஒன்றை உருவினால் மற்றவை ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துவிடும். அவள் எழுதியது நின்றது. அவ்வளவு நல்ல வரி போன பிறகும், எதுவும் போகாதது போல நின்றது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஒட்டுது," என்றேன்.

"ஒட்டும்," என்றார். அந்தப் பெருமை யாருடையது என்று நான் கேட்கவில்லை.

8

துண்டுக்கு மேலே பார்த்தேனா என்று கேட்பீர்கள். துண்டு பழையது, மெல்லியது. இதற்குமேல் சொல்ல மாட்டேன். பார்த்தேன் என்று சொன்னால் அவளைத் தெரிந்த ஆட்களில் நானும் ஒருத்தியாகிவிடுவேன். பார்க்கவில்லை என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

கடலை மாற்றியிருக்கிறேன். வட கடல் என்று எழுதியது வேறு கடலாக இருக்கலாம். ஸ்பேனர் ஸ்பேனர் இல்லை, தீயணைப்பான் தீயணைப்பான் இல்லை. படகோட்டி சொன்னதும் அப்படியே அல்ல. முத்துராஜ் வந்ததும் பேனாவோடு உட்கார்ந்து இதையெல்லாம் சரிபார்ப்பார், நிச்சயம் சில வரிகளை எடுப்பார்.

நான்காவது பகுதியில் படித்தீர்களே, அந்தப் பின்னல் வரி. அது அவள் எழுதியது அல்ல, நான் எழுதியது. சுற்றறிக்கையிலிருந்து எடுத்ததை இங்கே அச்சில் போட்டால் எடுத்ததற்கு என்ன அர்த்தம்? காற்றாலையில் ஏறுகிறவர்கள் முடியை ஹெல்மெட்டுக்குள் அடக்கிக் கட்டுவார்கள். பின்னல் வெளியே ஆட வழியே இல்லை. விஷயம் தெரிந்தவர் யாராவது படித்தால் சிரிப்பார். தெரிந்தேதான் எழுதினேன், இதைவிட நல்லதாக எனக்கு எதுவும் வரவில்லை. அவள் எழுதியதில் பின்னலே கிடையாது. அதில் இருந்தது, படகு நழுவிய அந்த நொடியில் அவளுடைய —

வேண்டாம்.

அந்த இடத்தில் உங்களுக்குத் தோன்றுவதை வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதைவிட நன்றாக இருக்கும். அவளுடையதைவிட இருக்காது.